சீசன் ஊர்க்காரன் போடும் கணக்கு

மேலகரத்தில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறோம். சீசன் கூட்டம் எங்களைத் தாண்டித்தான் போகும். ஆனால் சீசன் விலை எங்களிடம் முழுசாக வந்து சேராது. பேரருவிக்குப் பக்கத்தில் அறை எடுப்பவர் ஓர் இரவுக்குக் கொடுக்கும் காசுக்கு, இங்கே ஒரு குடும்பமே மாடிவீட்டில் தங்கி, காலையில் பஸ் ஏறிப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்ததே மேலகரத்தில்தான். அருவியை அனுபவிக்க அருவிக்கரையிலேயே அறை எடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்குமா?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சில குளிர்காலங்களாகப் பனிச்சறுக்குப் பழகியிருக்கிறான். நீலம், சிவப்பு என்று குறியிட்ட சாதுவான பாதைகள் அவனுக்குச் சலித்துவிட்டன. “மாமா, இந்த வருசம் ஆல்ப்ஸ்ல நல்ல செங்குத்தான எடமா பாத்துப் போவணும். ஆனா கையக் கடிக்கக் கூடாது” என்றான் போனில். பனியைச் சினிமாவில் மட்டும் பார்த்த மாமனிடம் கேட்கிற கேள்வியா இது என்றுதான் முதலில் தோன்றியது. அவன் அடுக்கிய சந்தேகங்களைக் கேட்கக் கேட்க வியப்பு போய்விட்டது. எப்போது போனால் கூட்டம் இருக்காது, எங்கே தங்கினால் மலிவு, போகிற அன்றைக்குப் பனி இருக்குமா? ஜூன் பிறந்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பவைதான் இவை. பனிக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான்.

தங்குமிடத்தில் ஆரம்பித்தோம். ஆல்ப்ஸிலும் மேலகரங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் வெர்பியே என்பது பணக்காரர்களின் ஊர். அதன் அடிவாரத்தில் இருக்கும் லெ ஷாப்ளேயில் தங்கினால் ரோப் கார் அங்கிருந்தே மேலே ஏற்றிவிடும். பிரான்ஸில் லேஸ் ஆர்க் மலைக்குக் கீழே புர்க்-சேன்-மோரிஸ் என்ற சாதாரண ஊர். ரயிலை விட்டு இறங்கி மலைரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். ஆஸ்திரியாவின் சங்க்ட் ஆன்டன் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு, ரயில் தூரத்தில் லான்டெக் இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இன்ஸ்புருக். அது பல்கலைக்கழகம் இருக்கிற நகரம். மாணவர்கள் வாழ்கிற ஊரில் சாப்பாடும் படுக்கையும் ஒரேயடியாக எட்டாத விலைக்குப் போய்விட முடியாது. நகரத்திலிருந்தே நோர்ட்கெட்டே மலைக்கு ஏறலாம். 2300 மீட்டர் உயரத்தில் ஹாஃபெலெகார் உச்சியிலிருந்து இறங்கும் பள்ளம் கைதேர்ந்தவர்களையே யோசிக்க வைக்கும் என்கிறார்கள்.

செங்குத்துக்குப் பேர்போன லா கிராவ் பெயரையும் அவன் எடுத்தான். பிரான்ஸில் உள்ள சிறு கிராமம். 1450 மீட்டரிலிருந்து 3200 மீட்டருக்குப் போகும் ரோப் கார். அங்கிருந்து இறங்கும் வழியில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதை என்பதே கிடையாது. மலை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இறங்க வேண்டும். பிரியான்சோனில் தங்கிப் போய்வந்தால் மிச்சமாகும் என்று அவன் கணக்குப் போட்டான். நடுவில் லோத்தாரே கணவாய் இருக்கிறதே என்றேன். 2058 மீட்டர் உயரம். பனி கனத்தால் சாலையை மூடிவிடுவார்கள். மிச்சம் பிடித்த வாடகை மூடிய சாலையில் போய்விடும்.

அடுத்தது காலம். ஆடி அமாவாசைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் குற்றாலம் வருகிறவர் விலையைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை. அங்கே பிப்ரவரி அப்படி. பிரான்ஸ் நாட்டையே மூன்று மண்டலமாகப் பிரித்துப் பள்ளி விடுமுறையை மாற்றி மாற்றி விடுகிறார்கள். அந்த வாரங்களில் பிள்ளைகுட்டிகளோடு ஊரே மலையேறும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி மலிவு, ஆனால் பகல் குறைவு, குளிர் கொடுமை. சரிவு தேடுகிறவனுக்கு மார்ச் நடுப்பகுதி தோது: இரவில் பனி இறுகி, பகல் வெயிலில் இளகும், அந்தப் போக்கை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

கூட்டமில்லாத காலத்தைக் காசாக்கும் இந்த வித்தை பழையது. அதைத் தொழிலாகவே செய்தவர்களில் ஒருவர் ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர். மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர். பின்னால் பயண ஏற்பாட்டாளரானார். குளிர்காலத்தில் பூட்டிக்கிடந்த சுவிஸ் ஓட்டல்களை மொத்தமாகப் பேசி எடுத்து ஆட்களை அழைத்துப் போனார். அது ஏழைகளின் சுற்றுலா அல்ல, மேட்டுக்குடிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது; ஆனால் வழிமுறை நம் சீசன் வீட்டுத் தரகர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் மகன் ஆர்னல்ட் லன் 1888இல் பிறந்தது சென்னையில். இன்று ஒலிம்பிக்ஸில் கொடிக்கம்புகளுக்கு நடுவே வளைந்து இறங்குகிறார்களே, அந்த ஸ்லாலம் போட்டியின் நவீன வடிவத்தை 1922இல் ம்யூரன் என்ற சுவிஸ் கிராமத்தில் வகுத்தவர் அவர். பனியே விழாத ஊரில் பிறந்தவர் பனிக்கு விதி எழுதியிருக்கும்போது, சாரல் ஊர்க்காரன் நாலு யோசனை சொன்னால் தப்பில்லை.

சாப்பாட்டுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேன் பிடித்து அரிசியும் ஸ்டவ்வும் ஏற்றிவந்து, அருவிக்குப் பக்கத்திலேயே பொங்கிச் சாப்பிடும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். சமையலறை உள்ள வீடு, அடிவாரத்துக் கடையில் மளிகை, மதியத்துக்குக் கட்டுச்சோறு என்று அவனே முடிவு செய்துவிட்டான். “புளிக்காய்ச்சல் மட்டும் அம்மாகிட்ட சொல்லி அனுப்பச் சொல்லுங்க மாமா.”

நாங்கள் நீளமாகப் பேசியது சரிவைப் பற்றித்தான். ஆஸ்திரியாவின் மாயர்ஹோஃபனில் ஹராகிரி என்று ஒரு பாதை. சாய்வு 78 சதவீதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சுவர்போல நிற்கும் என்று பயந்துவிட வேண்டாம். 100 சதவீதம் என்றால் 45 டிகிரி. 78 சதவீதம் ஏறத்தாழ 38 டிகிரி. அது பராமரிக்கிற பாதை. பராமரிக்காத மலையில் 30 டிகிரிக்கு மேல் போனாலே அடுக்குப் பனி பெயர்ந்து சரியக்கூடிய இடம் வந்துவிடும். அவன் தேடிப் போகிற சரிவும் பனி சரியத் தோதான சரிவும் ஒன்றேதான்.

சுவிட்சர்லாந்தின் தாவோஸ் பக்கத்து மலையில் 1936 முதலே பனிச்சரிவை ஆராய்கிறார்கள். குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் சுவிஸ் பனிச்சரிவு அறிக்கை வரும். ஆபத்து ஐந்து நிலைகள். பனிச்சரிவுச் சாவில் ஏறத்தாழப் பாதி நடப்பது மூன்றாம் நிலையில். நான்கும் ஐந்தும் என்றால் ஆள் வீட்டில் இருந்துவிடுகிறான். மூன்று என்றால் பேரம் பேசுகிறான்.

அந்தப் பேரத்தை நான் பேரருவியில் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மழை மேலே காட்டில் பெய்திருக்கும். தடுத்து நிறுத்துகிற போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்பவர் உள்ளூர்க்காரராக இருக்கவே மாட்டார். “எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம் தெரியுமா?” என்பதுதான் அவருடைய வாதம். தூரத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. எச்சரிக்கை கொடுக்கக்கூட அவகாசம் இல்லாமல் வருகிற தண்ணீர் அது. எச்சரிக்கை கொடுத்த பிறகும் அதோடு வாதாடுவதை என்னவென்று சொல்ல?

ஆகவே சிக்கனம் பிடிக்கக் கூடாத இடங்களையும் பட்டியல் போட்டோம். புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் டிரான்சீவர், மண்வாரி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்; வாடகைக்குக் கிடைக்கும், பயன்படுத்தப் பழகியிருக்கவும் வேண்டும். பனிக்குள் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு மளமளவென்று குறைந்துவிடுவதால், ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. கூட வந்த நண்பன்தான் தோண்ட வேண்டும். மலை வழிகாட்டியின் கூலியை நாலு பேராகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆல்பைன் கிளப் உறுப்பினரானால் மீட்புச் செலவுக்கான காப்பீடும், மலைக்குடிசைகளில் சலுகையும் சேர்ந்து வரும். சென்னையிலிருந்து அவனோடு வருவதாகச் சொல்லும் நண்பன் ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு, பராமரிக்காத சரிவில் விழுந்தால் செல்லுமா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இழுபறி. மலையேற்றும் ரோப் கார் டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் மலிவு. “எடுத்திரலாமா மாமா?” என்றான். வேண்டாம் என்றேன். தேதி போட்டு வாங்கிய டிக்கெட் பையில் இருந்தால், அறிக்கையில் மூன்று என்று வந்தாலும் கால் மலைப்பக்கம்தான் போகும். அதற்குப் பதில் மலிவான ஊரில் மலிவான அறை எடுத்து, இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு. தோதான நாளில் ஏறு, மற்ற நாளில் ஊரைச் சுற்றிப் பார்.

“அவ்வளவு நாள் இருந்தும் ஒருநாளும் தோதா அமையலன்னா?”

“அமையலன்னா திரும்பி வந்திருல. அதுக்குத்தான் கம்மிச் செலவுல போகச் சொல்லுதேன். கொட்டிக் கொடுத்துட்டுப் போனவனுக்குத்தான் திரும்ப மனசு வராது.”