திருப்பித் தராத புத்தகம்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றி, கட்டி தட்டாமல் கிளறி, இறக்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க அதுதான் வழி. அந்தப் பசையின் வாசனை உங்களுக்கும் தெரியும். கும்பகோணம் பெரிய கடைத் தெருவிலிருந்து பிரிகிற சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டிய அந்த வாடகை நூல் நிலையத்துக்கு நீங்களும்தானே வந்தீர்கள். வெளியே பாத்திரக்கடைக்காரர்கள் பித்தளையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே பசை, பழைய காகிதம், கொழுந்து வெற்றிலை, இந்த மூன்றும் கலந்த ஒரு குளிர்ச்சி.

லைப்ரரி மாமா முக்காலியில் உட்கார்ந்து கிழிந்த புத்தகத்துக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருக்கிறார். முன்பணம் 5 ரூபாய். ஒரு புத்தகத்துக்கு வாடகை 25 காசு. நாள் தள்ளினால் தினம் 10 காசு. என் உறுப்பினர் எண் 214. பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார், “வாப்பா இருநூத்திப் பதினாலு” என்பார்.

கடைகளில் விற்கும் புத்தகத்தைவிட அங்கே இருந்த பைண்டுகள்தான் எனக்கு உசத்தி. குமுதத்திலும் விகடனிலும் வாரா வாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிக்கோ துணி ஒட்டிய அட்டை போட்டிருப்பார். கணேஷும் வஸந்தும் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கும் பக்கத்தைத் திருப்பினால் மறுபக்கத்தில் பாதி ஜோக்கும் கோபால் பல்பொடி விளம்பரமும் இருக்கும். ஜெயராஜ் போட்ட படத்துக்கு யாராவது மீசை வரைந்திருப்பார்கள். மூன்றாம் பக்கத்திலேயே பென்சிலில் ‘கொலை செஞ்சது டாக்டர்’ என்று எழுதிவைத்த புண்ணியவானும் உண்டு. மாமா பொறுமையாக ரப்பரால் அழிப்பார். அழித்தாலும் பள்ளம் போகாது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் டாக்டர் தெரிவார்.

தமிழ்வாணனின் சங்கர்லாலில் ஆரம்பித்தவர்கள்தான் நாம் எல்லோரும். சங்கர்லால் சிந்திக்கும்போதெல்லாம் தேநீர் குடிப்பார். டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில், காலையில் எழுந்து அம்மாவிடம் தேநீர் கேட்ட பிள்ளை நான். அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து ராஜேஷ்குமார் வந்தார், விவேக்கும் ரூபலாவும் வந்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கினார்கள். பாட்டிக்கு இவர்கள் யாரும் பெரிதாகப் படவில்லை. “வடுவூரார் எழுதினாரே, அது கதை” என்பாள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நம் ஊர்ப் பேரிலேயே இருந்த கதை. அதுதான் 1950-இல் ‘திகம்பர சாமியார்’ என்று படமாகி, எம்.என். நம்பியார் வேடம் மேல் வேடம் போட்டார். பாட்டி ஒவ்வொரு வேடத்தையும் நடித்துக் காட்டுவாள். உரலில் வெற்றிலை இடிக்கிற கை அப்படியே நின்றுபோகும்.

நமக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதிக் கதையில் புத்தகத்தை மூடிவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், யார் யார் மேல் சந்தேகம் என்று பட்டியல் எழுத வேண்டும். எழுதி, எட்டாக மடித்து, பென்சில் டப்பாவுக்குள் போட வேண்டும். கதை முடிந்த பிறகுதான் பிரிக்கலாம். என் டப்பாவில் அந்த மாதிரி எத்தனையோ தாள்கள். ஒரு பக்கம் சித்திரை, வைகாசி, ராகு காலம், எமகண்டம். மறுபக்கம் கொலைகாரர்கள்.

அலமாரியில் இருந்த மர்மக் கதையெல்லாம் தீர்ந்துபோன ஒரு அரைப்பரீட்சை லீவில், மாமா கேட்காமலே ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’.

“இதுல கொலை இருக்கா மாமா?”

“எடுத்துட்டுப் போ. இருக்கா இல்லையான்னு நீயே வந்து சொல்லு.”

அப்போது எனக்கு அதில் முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் கதாநாயகன் பாபு படிக்கிற காலேஜ் நம் காவேரிக்கரைக் காலேஜ். அவன் நடக்கிற துக்காம்பாளையத் தெரு, நான் மாவு மில்லுக்குத் தூக்கோடு நடக்கிற தெரு. சங்கர்லால் எங்கெங்கோ விமானத்தில் பறந்தார், அவர் போன ஊர் எதையும் நான் போய்ச் சரிபார்க்க முடியாது. இது அப்படியில்லை. மறுநாள் காலையில் துக்காம்பாளையத் தெருவுக்குப் போனேன். பாபு ஆசைப்பட்ட யமுனா இருந்த வீடு எதுவாக இருக்கும் என்று திண்ணை திண்ணையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வாசலில் அப்போதுதான் சாணி தெளித்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள்ளிருந்து சுருதிப்பெட்டி சத்தம் வந்தது. அதுதான் பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா என்று முடிவு கட்டிக்கொண்டு, எதிர்த் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் தங்கம்மாவின் சாவு வந்தது. கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அடுத்த வீட்டில் இருந்தவள். தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். நான் பழக்கத்தில் காலண்டர் தாளை எடுத்தேன். முதல் பேர், அந்தக் கிழவன். இரண்டாவது, கட்டிக்கொடுத்தவர்கள். மூன்றாவது பேரை எழுதப் பென்சில் ஓடவில்லை. அது பாபு. கதாநாயகனையே பட்டியலில் எழுதியது அன்றைக்குத்தான். நான்காவதாகத் ‘தெரு’ என்று எழுதினேன். எட்டாக மடித்து டப்பாவுக்குள் போட்டேன். கதை முடிந்தது. தாளைப் பிரித்தேன். விடை சொல்ல அங்கே விவேக்கும் இல்லை, கணேஷும் இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மாமா என் முகத்தைத்தான் பார்த்தார். “இருக்கு மாமா” என்றேன். “யாரு?” என்றார். “தெரியலை.” வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினார். அன்றைக்கு வாடகைக் காசு வாங்கவில்லை.

மாமாவின் கை அப்படித்தான். யார் எதை எவ்வளவு நாளில் திருப்புகிறார்கள், எந்தப் பக்கத்தில் காது மடித்திருக்கிறார்கள் என்று பார்த்தே அடுத்ததைக் கொடுப்பார். ராஜேஷ்குமார் தவிர எதையும் தொடாத லாரி ஷெட்டு அண்ணனுக்கு ஒருநாள் பாலகுமாரனின் ‘இரும்புக் குதிரைகள்’ போயிற்று. தன் தொழிலையே ஒருத்தர் எழுதியிருக்கிறார் என்று அந்த அண்ணன் கிரீஸ் கையோடு வந்து நின்றார். மர்மக் கதையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துப் படிக்கும் எங்கள் அத்தைக்குச் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. “மனுஷனைக் கொன்னாக்கூட இவ்வளவு வலிக்காதுடா, ஒரு மரத்தைக் கொன்னுட்டானுங்க” என்று அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஒரே மூச்சில் படித்து முடிக்கிறவர்களுக்குச் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. அப்பனைக் குத்திய காளைக்காக மகன் காத்து நிற்கிற கதை அது, பழிவாங்கும் கதைக்காரன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கப்பல், துப்பாக்கி, வெளிநாடு கேட்கிற காலேஜ் பையன்களுக்குப் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. கேட்டது கிடைக்கும். அதோடு கூடவே, ஊரை விட்டுப்போன ஒருவனின் ஏக்கமும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

‘பொன்னியின் செல்வ’னை மாமா கொடுக்க வேண்டியதே இல்லை. அது காற்றில் இருந்தது. 1950-இல் தொடங்கி மூன்றரை வருஷம் ‘கல்கி’யில் வந்ததை மணியம் படங்களோடு ஐந்து பைண்டாக வைத்திருந்தார். கயிறு போட்டுக் கட்டித்தான் கொடுப்பார். வந்தியத்தேவன் குடந்தை சோதிடர் வீட்டுக்குள் தடாலென்று நுழைகிறானே, அந்த வீடும் நம் ஊர்தான். தாராசுரம் தாண்டிப் பழையாறைக்குச் சைக்கிளில் போனோம், நினைவிருக்கிறதா? குந்தவையின் மாளிகையைத் தேடிப் போனால் வயலும் சோமநாதர் கோயிலும்தான் இருந்தன. வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். புளியோதரையில் நல்லெண்ணெய் மணத்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அங்கேதான் சண்டை போட்டோம். கல்கி அதைச் சொல்லவில்லையே! அவ்வளவு பெரிய கதையில் நடுநாயகமான கொலையைத் திறந்தே விட்டுவிட்டாரே!

பின்னாளில் காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறினேன். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் அந்தக் கொலையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பேரைச் சொல்லி, அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தைப் பறித்த சேதி அதில் வருகிறது. யார் என்பது அங்கே கல்லில் இருக்கிறது. ஏன் என்பது இல்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். நம் திருப்புறம்பியத்துக்காரரான சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. ஆயிரம் வருஷத்து வழக்கு இன்னும் நடக்கிறது. வெயிலில் சுட்ட அந்தக் கல்லைக் கையால் தடவிக்கொண்டு நிற்கும்போது, மாமா அழித்த பென்சில் எழுத்தின் பள்ளம்தான் விரலுக்கு ஞாபகம் வந்தது.

காலேஜில் சேர்ந்த வருஷம் மாமா கொடுத்தது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. “உங்க காலேஜ் வாத்தியார் எழுதினது. ஊர்லயே பெரிய துப்பறியும் கதை இதுதான்” என்றார். நான் நம்பவில்லை. படித்த பிறகு நம்பினேன்.

1880. ஐயர் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராகச் சேர்ந்த வருஷம். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதி, உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அங்கே ஆரம்பிக்கிறது தேடல். கிடைத்த ஏட்டில் புரியாத சொற்கள். அது சமண நூல், ஊரில் யாரைக் கேட்பது? நம் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்கே போகிறார். வாசலில் தோரணமும் கோலமும். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்த பூர்த்தி விழா என்கிறார்கள்! உலகமே மறந்துபோனது என்று அவர் தேடிய நூலை, பக்கத்துத் தெருவில் விளக்கேற்றிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். எந்த மர்மக் கதையிலும் எனக்கு அப்படி ரோமம் சிலிர்த்ததில்லை.

இன்னொரு துப்பு. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை நெடுக மேற்கோள்கள் வருகின்றன, எந்த நூல் என்று சொல்லாமல் ‘பிறர்’ சொன்னதாக விட்டுவிடுகிறார். யார் அந்தப் பிறர்? ஐயர் வரி வரியாகப் பிடித்துக்கொண்டு போகிறார். மாயவரம் போகும் வழியில் இருக்கிற திருவாவடுதுறை மடத்துப் பழஞ்சுவடிக் கட்டை அவிழ்த்தால், உள்ளே எட்டுத்தொகை. 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஒரு முன்சீப் கேட்ட ஒற்றைக் கேள்விக்குக் கிடைத்த விடை இவ்வளவு.

ஆனந்த விகடனில் 1940 முதல் வாரம்தோறும் வந்தது ‘என் சரித்திரம்’. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். கதை நடுவிலேயே நின்றுவிட்டது. நான் மாமாவிடம் ஓடினேன்.

“மாமா, கடைசிப் பக்கத்தை யாரோ கிழிச்சுட்டாங்க.”

மாமா புத்தகத்தை வாங்கி, தைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “கிழியலைப்பா. அவ்வளவுதான் எழுதினார்” என்றார். வெளியே பித்தளை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்கும் நடுவில் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அந்தப் படிக்கட்டுக்குக் கீழே செல்போன் உறை விற்கிறார்கள். உள்ளே பளீரென்று வெள்ளை விளக்கு. குனிய வேண்டியதில்லை, தரையைத் தோண்டி இறக்கிவிட்டார்கள். பேத்திக்கும் கொலைக் கதைதான் பிடிக்கிறது. கைப்பேசியில் ஒன்றைப் படித்து முடித்த நொடியில், இது பிடித்தவருக்கு இதுவும் பிடிக்கும் என்று பத்துப் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பத்தும் கொலை. அவள் ஒன்றைத் தொடுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். “எதுக்குத் தாத்தா?” என்றாள். சொல்லிக் கொடுத்தேன். எழுதி, எட்டாக மடித்து, பென்சில் டப்பா இல்லாததால் என் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டாள். நாளைக்கு அவள் வரும்போது ‘மோகமுள்’ளைப் பலகைமேல் எடுத்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொலை இருக்கா என்று கட்டாயம் கேட்பாள்.

மாமா கடையைக் கட்டிய வாரம், பழைய உறுப்பினர்கள் எல்லோரையும் வரச்சொல்லி ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சங்கர்லாலும் கணேஷ் பைண்டுகளும் முதலில் போயின. நான் ‘என் சரித்திர’த்தை எடுத்தேன். முன்பணம் 5 ரூபாயைத் திருப்பித் தந்தார். பிறகு, பழக்கம் விடாமல், பின்னட்டையில் ஒட்டிய சீட்டில் 214 என்று எழுதி, எடுத்த தேதியும் போட்டார். பக்கத்துக் கட்டம் திருப்பிய தேதிக்கானது. பேனாவை அதன்மேல் ஒரு கணம் வைத்திருந்து, எழுதாமல் மூடிவிட்டார்.

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.