வெங்கென் மரவீடு

பனிச்சறுக்கு தெரியாதவர்களுக்குக் குளிர்கால ஆல்ப்ஸில் என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வெங்கெனுக்குப் போய்ப் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

1,274 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1930 முதல் புகழ்பெற்ற லவுபர்ஹார்ன் சறுக்குப் பந்தயம் நடக்கும் இடம். கீழே பள்ளத்தாக்கிலுள்ள லவுட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயிலில் ஏற வேண்டும். காரில் வர வழியே கிடையாது. அதனால் ஊர்க்காரர்கள் குழந்தையைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்து இழுத்தபடி கடைக்குப் போகிறார்கள்.

ஆனால் என் மனம் லயிப்பது 'ஷாலே' எனும் மரவீட்டில்தான். முன்பு கோடையில் மாடு மேய்ப்பவர்கள் மலைமேல் தங்கிய குடில் அது. வெயில் பட்டுப் பட்டு வெளிப்பலகைகள் கருத்திருக்கும். அகன்ற கூரைமேல் தங்கும் பனியே வீட்டுச் சூட்டைக் காக்கும் போர்வை. டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஈர பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தால், உள்ளே எல்லாருக்கும் ஒரே மேஜை. ராக்லெட் பாலாடைக்கட்டியை உருக்கி, வெந்த உருளைக்கிழங்கின் மேல் வழித்து, ஊறவைத்த வெள்ளரிப்பிஞ்சோடு சாப்பிட வேண்டும். பேச்சு நள்ளிரவு வரை நீளும். ஹோட்டல் அறைகளில் இந்த நெருக்கம் கிடைக்கவே கிடைக்காது.

செலவு அதிகம்தான். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வீட்டை எடுத்து, சமையலையும் நீங்களே பார்த்துக்கொண்டால் கட்டுப்படியாகும். பிப்ரவரி பள்ளி விடுமுறையைத் தவிர்த்துவிட்டு மார்ச்சில் போங்கள். பனியும் இருக்கும், பகலும் நீளும்.