ராமேஸ்வரத்தில் ரூம் பார்த்த கதை

"ரூமிலிருந்து கடல் தெரியுமா?" ராமேஸ்வரத்தில் ரூம் எடுக்க 2023-ல் என் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி இதுதான். பக்கத்தில் நின்ற நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். மாமியாருக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி என்பது எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அப்போது பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், ரூம் மூன்றாவது மாடியில்! லிஃப்ட் கிடையாது. கோயிலோ ஒன்றரை கிலோமீட்டர். கடல் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, அதே ஈரத்தோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டோம். ஈரத்துணியோடு மூலஸ்தானத்துக்குப் போகக் கூடாது. மாற்றுப் புடவையைக் கையோடு எடுத்துப்போகும் புத்தி எனக்கு வரவில்லை. ஆட்டோவுக்காக நின்றபோது கடல் காற்றில் மாமியாருக்குப் பல் கிட்டிக்கொண்டது. மாடிப்படியில் பாதி ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாமி பார்த்துட்டு வாங்க. எனக்குத் தீர்த்தம் ஆடினதே போதும்."

சாயங்காலம் காய்ச்சல் கண்டுவிட்டது. எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்டவர், ராமநாதரைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போனது. இந்தத் தடவை போன் போட்டது நான். தரைத்தளமா, வாசலில் எத்தனை படி, நாற்காலி மாதிரி உட்காரும் டாய்லெட் உண்டா, விடியற்காலையில் வெந்நீர் கிடைக்குமா, ஈரத்துணி உலர்த்தக் கொடி கட்ட இடமிருக்கா? நாலு இடத்தில் எரிந்து விழுந்தார்கள். விழட்டுமே! ஐந்தாவதாக, கிழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சத்திரத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அங்கிருந்து கடலும் கோயிலும் நடக்கிற தூரம்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் அந்தப் பக்கம் ரூமே கிடைக்காது என்பதால் சாதாரண நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

குழாய்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்றது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். மற்றபடி ஒரு குறையுமில்லை. தீர்த்தமாடி வந்து, துவட்டி, புடவை மாற்றி, ஒரு வாய் சூடான காபி குடித்துவிட்டு மாமியார் தன் காலாலேயே நடந்து போய்த் தரிசனம் செய்தார்கள். மூன்றாம் பிராகாரத்தில் தூணுக்குத் தூண் உட்கார்ந்து எழுந்து, அவசரமில்லாமல் சுற்றி வந்தோம்.

ரூம் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். இவர் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடா பாக்கறே? அருமையான ரூம்," என்றபடி மாமியார் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டார்கள்.