11-ஆம் வட்டத்து லிக்னைட் ஹால்

நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருப் பெயர் சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு. வட்டத்தின் எண்ணைச் சொன்னால் போதும். 11-ஆம் வட்டம் என்றால் லிக்னைட் ஹால் என்னும் அரங்கம்.

1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. மறு ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் குடியிருப்பு இது. பூர்வீக ஊரில் இருந்த தேர்த்திருவிழாவும் சந்தையும் இங்கே அவர்களுக்கு இல்லை. அவர்கள் ஒன்றுகூட ஓர் இடம் தேவைப்பட்டது. விழா, கச்சேரி, பட்டிமன்றம் என்று அந்தத் தேவையைத் தீர்த்த இடங்களில் இந்த அரங்கத்தைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அதற்குக் காரணம் 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி. ஈரோடு புத்தகத் திருவிழாவே 2005-இல்தான் வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மாவட்டத் தலைநகர்கூட அல்லாத ஒரு சுரங்க ஊர் சென்னைப் பதிப்பாளர்களைத் தன்னிடம் வரவழைத்தது. ஜூலை மாலைகளில் அரங்க வளாகத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஷிப்ட் முடிந்து வீடு போய்க் குளித்துவிட்டு, குடும்பத்தோடு டூவீலரில் வந்து இறங்குவார்கள். உண்டியல் காசைப் பையில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை, விலையைப் பார்த்துவிட்டு ஒரு புத்தகத்தை வைத்து, இன்னொன்றை எடுத்து, மறுபடி பழையதையே எடுக்கும். மேடையில் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் பாராட்டு நடக்கும். கண்காட்சிக்காக 'தினமணி'யோடு சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டியில் எழுதிப் பார்த்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஊரின் வெளிச்சத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் சுற்றுக் கிராமத்தார். 2023 ஜூலையில் அந்தக் கிராமங்களில் ஒன்றான வளையமாதேவியில், பயிர் நின்ற நெல்வயலிலேயே கால்வாய் வெட்ட நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. அதை எதிர்த்து நெய்வேலி ஆர்ச் கேட் அருகே நடந்த போராட்டம் கலவரமானது. சுரங்கத்துக்காகக் காலியான ஊர்களின் பெயர்களை, எந்த ஆண்டு எடுக்கப்பட்டன என்ற விவரத்தோடு, இந்த அரங்கின் முகப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். புத்தகம் வாங்க வரும் பிள்ளைகள் அதையும் படிக்கட்டும். கண்காட்சி மேடையில் ஒரு மாலையை அந்த ஊர்க்காரர்கள் பேசுவதற்கென்றே ஒதுக்கலாம்; கேட்க ஆள் வரும்.