விழுந்தவர்களுக்கு ஒரு சொல்

கத்தோலிக்கத் தமிழில் வேதசாட்சி, மறைசாட்சி என்கிறோம். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் சாட்சி என்பதே பொருள். ஜப்பானில் பணியாற்றிய இயேசு சபையினரோ அச்சொல்லை மொழிபெயர்க்காமல், போர்த்துக்கீசியத்திலிருந்து ‘மருச்சிரியோ’ என்றே வழங்கினர். பின்னாளில் நிலைபெற்ற ‘ஜுன்க்யோ’வில் சாட்சி என்னும் பொருளே இல்லை, தலைவன் இறந்ததும் உடன் உயிர்விடுதலைக் குறிக்கும் எழுத்தே அதன் முற்பாதி.

இச்சொற்களைப் பின்தொடர்ந்த என்னை நிலைகுலையச் செய்தது வேறொரு சொல்: ‘கொரொபி’. உருண்டு விழுந்தவர் என்று பொருள். வதைக்குப் பணிந்து சமயத்தைக் கைவிட்டோருக்கு அப்பெயர். தியாகத்திற்குக் கடன்சொல், வீழ்ச்சிக்கு நாட்டுச்சொல். ஒற்றைச் சொல்லை வைத்து வரலாறு எழுதலாகாது என்று மொழியியல் நண்பர்கள் கடிந்துகொள்ளக்கூடும், நியாயந்தான்.

1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவைகளில் ஏற்றப்பட்டு ஈட்டியால் கொல்லப்பட்டனர். மும்பைக்கு வடக்கேயுள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். இத்தகைய செய்திகள் ஐரோப்பாவில் பேரார்வத்தை மூட்டின. தொலைநாட்டுப் பணி வேண்டி இளம் இயேசு சபையினர் உரோமைக்கு எழுதிய விண்ணப்பங்கள் 14,000-க்கும் மேல். ஜப்பானையே கேட்டு, அங்கே இரத்தம் சிந்த விழைந்தோரும் அவர்களுள் உண்டு. என்னிலும் இளையவர்கள் மரணத்தை இத்தனை பணிவாக விண்ணப்பித்ததை என்னால் வியக்க முடிகிறது, விரும்ப முடியவில்லை.

1633-இல் நாகசாகியில் கிறிஸ்தோவாவோ பெரெய்ரா குழியொன்றில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டார். அங்கிருந்த சபையினருக்குத் தலைவர் அவர். சில மணி நேரத்தில் பணிந்தார். அதே வதையை ஏற்ற நகவுரா ஜூலியன் இறுதிவரை பணியாமல் மாண்டார். சிறுவனாக உரோமைக்குத் தூது சென்று வந்தவர் இவர். ஒருவர் புனிதர் வரிசையை நோக்கி நகர்ந்தார். மற்றவர் ஜப்பானியப் பெயர் பூண்டு அரசுக்கு மொழிபெயர்ப்பாளரானார். ஆவணங்களில் இருவருக்கும் இடமுண்டு.

இடமில்லாதவர்கள் நாகசாகிப் பகுதியின் உழவர்களும் மீனவர்களும். ஆண்டுதோறும் அதிகாரிகள் முன்னிலையில் கிறிஸ்துவின் உருவை மிதித்தார்கள். வீடு திரும்பி, குருக்களே இல்லாத தலைமுறைகளுக்கு மன்றாட்டுகளை வாய்மொழியாகக் கடத்தினார்கள். விண்ணப்பம் எழுதியவர்களல்லர். சாட்சி என்ற சொல்லை அவர்களுக்கு மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

1865 மார்ச் 17 அன்று அவர்களின் வழித்தோன்றல்கள் சிலர் புதிதாய் எழுந்த ஊரா ஆலயத்துக்கு வந்தனர். அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் அவர்கள் கேட்டது, மரியாளின் உருவம் எங்கே என்று.