சினமும் கடிவாளமும்

ஒரு தலைவனிடம் மக்கள் எதிர்பார்ப்பது என்ன? பெருஞ்செல்வம் படைத்த கம்பெனி ஒன்றின் அலட்சியத்தால் உயிர்கள் மாய்ந்துவிட்டால், மக்கள் முதலில் தேடுவது தலைவனின் முகத்தைத்தான். அம்முகம் சிவந்திருக்கிறதா, குரல் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கின்றனர். சிவந்திருந்தால் நம்மவன் என்று மகிழ்கின்றனர்; அமைதியாயிருந்தால் நெஞ்சில் ஈரமற்றவன் என்கின்றனர். இந்த அளவுகோல் சரியானதுதானா என்பதை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்வெண்ணம் நம்மைப் பெரிதும் ஆட்கொண்டது. அம்மாதம் பத்து நாட்களுக்குள் இரண்டு செய்திகள் நாளேடுகளில் வந்தன. ஒன்று அமெரிக்காவிலிருந்து, மற்றொன்று போபாலிலிருந்து. மத்ரஸாவில் பாடம் முடிந்து ஆசிரியர்கள் தேநீர் அருந்தும் வேளையில் இவற்றைப் பற்றியே பேச்சு நடந்தது.

அமெரிக்கச் செய்தி இது. அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில், பி.பி. என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனிக்காகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்ற மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர். கடலடியிலிருந்து பீறிட்ட எண்ணெய் 87 நாட்கள் கழித்தே, ஜூலை 15ஆம் நாள் அடைக்கப்பட்டது. மீனவர்கள் வலையைச் சுருட்டிவைத்துவிட்டுக் கரையில் நின்றனர்.

அந்நாட்களில் அமெரிக்கர்கள் தம் அதிபர் பராக் ஒபாமாவிடம் கேட்டது கோபம்! அதிபர் சினந்ததை நேரில் கண்டீரா என்று செய்தியாளர் ஒருவர் வெள்ளை மாளிகையின் பேச்சாளரைக் கேட்க, அவர் தாடை இறுகியதைக் கண்டதாகப் பேச்சாளர் விடையிறுத்தார். ஒரு முறையாவது அவர் பொங்கியெழட்டும் என்று திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். சட்டம் கற்பித்த ஆசிரியராக இருந்தவர் ஒபாமா. ஜூன் 8ஆம் நாள் ஒளிபரப்பான நேர்காணலில் அவரும் தம் இயல்புக்கு ஒவ்வாத முரட்டுச் சொல் ஒன்றைக் கூறி, எவரை உதைப்பது என்று அறியவே வல்லுநர்களோடு பேசுவதாகச் சொன்னார்.

“என்ன ஹஜ்ரத், கேட்ட பிறகுதானா ரோஷம் வரும்? நம் நாடாயிருந்தால் அந்த முதலாளியை அன்றே பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்” என்றார் எங்களில் இளையவரான ஓர் ஆசிரியர்.

“அப்படியும் ஒரு முறை போட்டோமே, மௌலவி! போபாலை மறந்துவிட்டீர்களா?” என்றோம் நாம்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு போபால் நகரின் மீது படர்ந்தபோது நாம் ஓதும் பிள்ளையாக இருந்தோம். உறக்கத்திலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்ட செய்தியை உஸ்தாத் படித்துக் காட்டினார். டிசம்பர் 7ஆம் நாள் அக்கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் போபாலில் வந்திறங்கியவுடன் கைது செய்யப்பட்டார். அச்செய்தி கேட்டு விடுதியில் ஆரவாரமே எழுந்தது. ஆனால் அதே நாளில் 25,000 ரூபாய்ப் பிணையில் அவர் விடப்பட்டார். மாநில அரசின் விமானமே அவரை டில்லிக்குக் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து தம் நாடு சென்றவர் விசாரணைக்குத் திரும்பி வரவேயில்லை. 2014இல் அங்கேயே இறந்தார்.

மக்கள் கேட்ட சினம் அன்று அவர்களுக்குக் காட்டப்பட்டது. சில மணி நேரமே நீடித்தது. பின்னர் 300 கோடி டாலருக்கு மேல் கோரியிருந்த நம் அரசு, 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பட்டது. பாதிக்கப்பட்ட மக்கள், சிறப்பாகப் பெண்கள், பல்லாண்டுகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று போராடினர். 2010 ஜூன் 7ஆம் நாள், நிகழ்ச்சி நடந்து 25 ஆண்டுகள் கடந்த பின், இந்தியக் கிளையின் அதிகாரிகள் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; உடனே பிணையும் கிடைத்தது. நாம் குறிப்பிட்ட இரண்டாவது செய்தி இதுதான்.

ஒன்பது நாட்கள் கழித்து, ஜூன் 16ஆம் நாள், பி.பி. கம்பெனியின் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டனர். எவரையும் உதைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் வெளியே வந்தபோது, பாதிக்கப்பட்டோருக்காக 2,000 கோடி டாலர் தனி நிதியாக ஒதுக்க இசைந்திருந்தனர். அந்நாட்டுச் சட்டமோ, கடும் அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, துப்புரவுச் செலவு நீங்கலான இழப்பீட்டுக்கு 7½ கோடி டாலரையே வரம்பாக வைத்திருந்தது. உரத்த சொல்லால் வராதது உறுதியான பேச்சால் வந்தது.

அரபி மொழியில் ஆட்சிக்கும் தீர்ப்புக்கும் ‘ஹுக்ம்’ என்பர்; ஆள்பவன் ‘ஹாகிம்’; மெய்யறிவு ‘ஹிக்மத்’. இவற்றின் வேர் ஒன்றே. அவ்வேரின் அடிப்படைப் பொருள் தடுத்தல் என்பர் அகராதி ஆசிரியர்கள். குதிரையின் வாயில் இடும் கடிவாள இரும்புக்கும் அதே வேரிலிருந்து ‘ஹகமத்’ என்று பெயர். ஆளுதல் என்பது கடிவாளம் பிடித்தல்! அதைக் குதிரை ஓடத் தொடங்குமுன் பூட்ட வேண்டும். தறிகெட்டு ஓடி ஆளை மிதித்த பிறகு அதை நோக்கிக் கத்துவது ஆட்சியாகாது.

இதனாலேயே, ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி, ஆட்சிமுறை பற்றிய தம் நூலில் ‘முஹ்தஸிப்’ என்னும் அங்காடி மேற்பார்வையாளருக்குத் தனி இயலே வகுத்தார். காழி தம்மிடம் வரும் வழக்கை விசாரிப்பவர். முஹ்தஸிபோ எவரும் முறையிடுமுன்பே எடையையும் அளவையும் தாமே தேடிச்சென்று சோதிப்பவர். வள்ளுவரும் அரசியலில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் தந்தார். வெருவந்த செய்யாமைக்கும் ஒன்று தந்தார். அரசன் சினந்து காட்ட வேண்டும் என்பதற்கு அதிகாரம் தரவில்லை.

இவ்வளவுகோலால் அளந்தால் ஒபாமாவும் குறையற்றவராகத் தோன்றமாட்டார். விபத்துக்கு மூன்று வாரம் முன்புதான், மார்ச் 31ஆம் நாள், கடலில் எண்ணெய் தோண்டுவதை விரிவாக்கும் திட்டத்தை அவர் அறிவித்தார். தோண்ட உரிமை தந்து அரசுக்கு வருவாய் சேர்ப்பதும், தோண்டுவோரின் பாதுகாப்பைச் சோதிப்பதும் அங்கு ஒரே துறையின் பணியாக இருந்தன. அத்துறை 2009இல் அக்கிணற்றுக்கு விரிவான சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து விலக்கும் அளித்திருந்தது. எடைக்கல்லைச் சோதிப்பவனே கடையின் பங்காளியுமானால் சோதனை என்னவாகும்? அத்துறையைப் பிரித்தது 2010 மே மாதத்தில். 11 பேர் மாண்ட பின்னர்!

போபாலிலும் இவ்வாறே. 1982இல் கம்பெனியின் சொந்த ஆய்வாளர்களே அமெரிக்காவிலிருந்து வந்து குறைகளைக் குறித்துச் சென்றனர். அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் ஆபத்து வரப்போவதைத் தம் வார ஏட்டில் எழுதினார். அன்று எந்தத் தலைவரின் முகம் சிவந்திருக்கிறது என்று யார் பார்த்தோம்? சினம் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரே காலம் அதுவன்றோ?

இழந்தவனின் கண்ணீரைக் கண்டும் கலங்காத தலைவன் நமக்கு வேண்டுமா என்று அன்பர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. அநீதி கண்டு நெஞ்சு கொதிப்பது மனிதத் தன்மையே. அக்கொதிப்பு சட்டமாகவும் சோதனையாகவும் இழப்பீடாகவும் மாறாமல் முகத்திலேயே நின்றுவிடுவதைத்தான் குறை என்கிறோம். பி.பி. கம்பெனி 2012இல் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்ற வழக்கில் 400 கோடி டாலர் செலுத்த இசைந்தது. ஆயினும் அந்தப் 11 உயிர்களுக்காகத் தனி மனிதர்மீது சுமத்திய கொலைக்குற்றச்சாட்டுகள் 2015இல் கைவிடப்பட்டன. கடிவாளம் பிடிப்பது அத்துணை எளிதன்று.

நமக்குக் கல்வி தந்த உஸ்தாதுகளில் ஒருவர் மாதத்துக்கொருமுறை பிரம்பை எடுத்தால் மத்ரஸாவே நடுங்கும். மற்றொருவர் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் நாள்தோறும் ஸுப்ஹு தொழுகைக்குப் பின் ஒவ்வொருவரின் பலகையையும் வாங்கிப் பார்ப்பார். ஊரார் புகழ்ந்தது முன்னவரை. இன்று நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் இலக்கணம் பின்னவர் தந்தது.

தலைவர்கள் மக்கள் விரும்புவதையே தருவர். கோபம் கேட்டால் கோபம் தருவர், அதற்குச் செலவில்லை. ஆகவே கேள்வியை மாற்றுவோம். சோதிப்பவர் யார்? அவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? சென்ற ஆண்டின் சோதனை அறிக்கை எங்கே? தீங்கு நேர்ந்தால் கொடுக்கப் பணம் ஒதுக்கியாயிற்றா? இவற்றைப் பிணங்கள் விழுமுன் கேட்க வேண்டும். தலைவனின் முகம் சிவந்ததா என்று பார்க்க ஒரு நாள் போதும். அவன் கையில் கடிவாளம் இருக்கிறதா என்று பார்க்க ஆண்டு முழுதும் விழித்திருக்க வேண்டும். அவ்விழிப்பு நம் கடமை.