கால்வே: ஒரு நகரத் தொகுதியின் தேர்தல் வரலாறு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், காரிப் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த துறைமுக நகரம் கால்வே. ஸ்பெயினோடும் பிரான்சோடும் ஒயின் வணிகம் செய்து செழித்த ஊர். 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட் வழங்கிய சாசனத்தால் மேயரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. லிஞ்ச், பிளேக், மார்ட்டின், ஜாய்ஸ், போட்கின், மோரிஸ் முதலான 14 வணிகக் குடும்பங்கள் நகர நிர்வாகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தன. இந்தக் குடும்பப் பெயர்கள் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

1652-ல் இங்கிலாந்தின் கிராம்வெல்லின் படையிடம் நகரம் சரணடைந்தது. கத்தோலிக்கர்களான பழைய குடும்பங்கள் சொத்தையும் பதவியையும் இழந்தன. 1717-ல் கால்வே நகராட்சியில் புராட்டஸ்டன்ட் தரப்பின் பிடியை இறுக்குவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1728 முதல் 1793 வரை கத்தோலிக்கர்களுக்கு அயர்லாந்து முழுவதும் ஓட்டுரிமை இல்லை. ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஊரின் சார்பில் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பியதோ நகராட்சியைக் கையில் வைத்திருந்த சிலர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சிலருக்குத் தலைமை தாங்கியது டேலி குடும்பம்.

டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றத்தைக் கலைத்து லண்டனோடு இணைக்கும் ஒன்றிப்புச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது கால்வேயின் உறுப்பினர்களில் ஒருவர் செயின்ட் ஜார்ஜ் டேலி. ஒன்றிப்பை எதிர்த்ததற்காக அரசின் தலைமை வழக்கறிஞர்களில் ஒருவர் நீக்கப்பட, அந்த இடம் டேலிக்குக் கிடைத்தது. சட்டம் நிறைவேறிய பிறகு நீதிபதி பதவியும் வந்து சேர்ந்தது. அயர்லாந்தின் 117 நகரத் தொகுதிகளில் 33 மட்டுமே ஒன்றிப்புக்குப் பிறகு தப்பின. கால்வே அவற்றுள் ஒன்று. ஆனால் இரண்டு இடங்கள் ஒன்றாகக் குறைந்தன. 1829-ல் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமரத் தடை நீங்கியது. 1832 சீர்திருத்தச் சட்டம் பெல்ஃபாஸ்ட், லிமரிக், வாட்டர்ஃபோர்ட் ஆகியவற்றோடு கால்வேக்கும் இரண்டாம் இடத்தைத் திருப்பித் தந்தது. பழைய குடும்பங்களின் வாரிசுகள் மீண்டும் முன்னுக்கு வந்தார்கள்.

1847 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலே இத்தொகுதி நாடெங்கும் பேசப்பட்ட முதல் சந்தர்ப்பம். உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம் உச்சத்தில் இருந்த குளிர்காலம் அது. உறுப்பினர் சர் வாலண்டைன் பிளேக் இறந்ததால் இடம் காலியானது. அரசுத் தரப்பில் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஹென்றி மோனஹன் நின்றார். ஒன்றிப்பை ரத்து செய்யக் கோரியவர்கள் அந்தனி ஓஃபிளாஹர்ட்டியை நிறுத்தினார்கள். இளம் அயர்லாந்து என்ற தேசியவாத இயக்கத்தினர் டப்ளினிலிருந்து வந்து வீதி வீதியாகப் பேசினார்கள். அக்காலத்தில் ஓட்டு என்பது மேடையேறி எல்லோர் காதிலும் விழும்படி வேட்பாளர் பெயரைச் சொல்வது. நிலக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, குத்தகைதாரர் அவருக்குப் பிடிக்காத பெயரைச் சொன்னால் நிலம் போய்விடும். பஞ்ச காலத்தில் நிலம் போவது உயிர் போவதற்குச் சமம். அத்தகைய நெருக்கடியிலும் மோனஹன் வென்றது வெறும் 4 ஓட்டு வித்தியாசத்தில். அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஓஃபிளாஹர்ட்டி அந்த இடத்தைப் பிடித்தார். 1848-ல் இளம் அயர்லாந்து தலைவர்கள் மீது வழக்கு நடத்திய அரசுத் தலைமை வழக்கறிஞர் அதே மோனஹன்தான்.

ஓஃபிளாஹர்ட்டியின் முடிவு பெருமைக்குரியதாக இல்லை. 1857 தேர்தலில் அவர் பெற்ற வெற்றி, ஓட்டுக்குப் பணம் கொடுத்த புகாரால் தேர்தல் வழக்கில் செல்லாமல் போயிற்று. கால்வேயின் தேர்தல் முறைகேடுகளை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. நகர உரிமை பெற்றிருந்த ஏழைக் கைவினைஞர்கள் ஓட்டுக்குக் காசு வாங்குவதை வழக்கமாகவே வைத்திருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. கொடுக்கும் கைகள் வசதியானவர்களுடையவை.

1859-ல் அந்தக் காலியிடத்துக்கு வந்தவர் ஜான் ஆரல் லீவர் என்ற மான்செஸ்டர் தொழிலதிபர். ஊருக்கும் அவருக்கும் உறவோ குடும்பத் தொடர்போ கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு நீராவிக் கப்பல் திட்டம். லிவர்பூலைவிடக் கால்வே அமெரிக்காவுக்கு அருகில் இருக்கிறது. 1851 முதல் டப்ளினுக்கு ரயிலும் ஓடுகிறது. தபாலையும் பயணிகளையும் இவ்வழியே அனுப்பினால் கடல்பயணம் குறையும் என்பது கணக்கு. பஞ்சத்தில் நொறுங்கிப் போன ஊருக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை வேறில்லை. 1858-ல் சோதனையாக வந்த 'இந்தியன் எம்பயர்' கப்பல் கால்வே விரிகுடாவிலேயே பாறையில் மோதியது. லிவர்பூல்காரர்களின் சதி என்று ஊரே கொதித்தது. ஆனாலும் லீவர் வென்றார். அரசின் தபால் ஒப்பந்தமும் கிடைத்தது. 1860-ல் நிறுவனத்தின் 'கன்னாட்' கப்பல் அமெரிக்கக் கரைக்கு அருகே தீப்பிடித்து மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் தாமதங்களைக் காரணம் காட்டி 1861-ல் அரசு ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றது. பிறகு சில காலம் அது மீண்டும் கிடைத்தும் நிறுவனம் நிலைக்கவில்லை. 1865-ல் லீவர் தொகுதியை விட்டுப் போனார். அப்படியிருந்தும் 1880-ல் கால்வே அவரை மறுபடி தேர்ந்தெடுத்தது என்பதிலிருந்து அந்தத் துறைமுகக் கனவு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்று அறியலாம்.

இடைப்பட்ட காலத்தில் மோரிஸ் சகோதரர்கள் சொந்தச் செல்வாக்கில் வென்றார்கள். அண்ணன் மைக்கேல் பின்னாளில் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானார். 1872-ல் ரகசிய வாக்குப்பதிவு வந்தது. 1880-ல் லீவரோடு வென்ற இன்னொருவர், கால்வே குயின்ஸ் கல்லூரியில் படித்த பத்திரிகையாளர் டி. பி. ஓகானர். பார்னெல் தலைமையிலான தன்னாட்சிக் கட்சியைச் சேர்ந்தவர்.

1885-ல் தொகுதி மீண்டும் ஓரிடத் தொகுதியானது. ஓகானர் இங்கும் லிவர்பூலிலும் வென்று, லிவர்பூலை வைத்துக்கொண்டார். 1886 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. பார்னெல் அறிவித்த வேட்பாளர் கேப்டன் வில்லியம் ஓஷே. இவர் கட்சி உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்தவர். இவருடைய மனைவி கேத்தரினோடு பார்னெல் வாழ்ந்துவருவது கட்சியின் உள்வட்டத்துக்குத் தெரியும். மனைவிக்கு விலையாகத் தொகுதியா என்ற கேள்வி எழுந்தது. கட்சியின் மூத்தவர் பிகரும் டிம் ஹீலியும் கால்வேக்கே போய், மைக்கேல் லிஞ்ச் என்ற உள்ளூர்க்காரரை எதிராக நிறுத்தினார்கள். ஓஷே குடும்பத்தால் உங்களுக்கு அழிவு வரும் என்று பார்னெலுக்குத் தந்தியடித்தார் பிகர்.

பார்னெல் நேரில் வந்தார். ரயில் நிலையத்தில் திரண்டிருந்த கூட்டம் கோபத்தில் இருந்தது. கூட வந்த ஓகானர் மீதே ஆட்கள் பாய்ந்தார்கள். அலட்டிக்கொள்ளாமல் நடந்த பார்னெல், அயர்லாந்துக்கான நாடாளுமன்றம் தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இப்போது கால்வே தம்மைத் தோற்கடித்தால் அது கைநழுவிவிடும் என்ற பொருளில் பேசினார். ஹீலி பணிந்தார். லிஞ்ச் விலகினார், ஆனால் அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. ஓஷே 942, லிஞ்ச் 54. மேலிடத்தின் முன் ஊர் விட்டுக்கொடுத்தது தன்னாட்சிக்காகவே. அந்தத் தியாகம் வீணாயிற்று: ஜூன் 8-ல் தன்னாட்சி மசோதா ஓட்டெடுப்புக்கு வந்தபோது ஓஷே ஓட்டளிக்கவே இல்லை. மசோதா 30 ஓட்டில் தோற்றது; ஓஷே பதவி விலகினார். அவர் தொடுத்த விவாகரத்து வழக்கில் 1890-ல் வந்த தீர்ப்பு பார்னெலின் தலைமையையும் கட்சியின் ஒற்றுமையையும் குலைத்தது. நாலாண்டுகளுக்கு முன் கால்வே தெருக்களில் உரக்கக் கேட்ட சந்தேகம் சரியானதுதான் என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்து ஆன்ட்ரிம் பகுதியைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் விவசாயி ஜான் பிங்கர்டன் 1900 வரை உறுப்பினராக இருந்தார். 1900-ல் மைக்கேல் மோரிஸின் மகன் மார்ட்டின், ஒன்றிப்பு ஆதரவாளராக நின்று வென்றது பலருக்கும் வியப்பு. அடுத்த ஆண்டே தந்தை இறந்து பிரபு பட்டம் மகனுக்கு வந்ததால் இடம் காலியானது. இந்த முறை ஊர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர்களின் பக்கம் நின்று பிரிட்டனுக்கு எதிராக ஐரிஷ் படைப்பிரிவு ஒன்றை நடத்திய, ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆர்தர் லிஞ்சைத் தேர்ந்தெடுத்தது. வேட்பாளர் அப்போது பாரிசில் இருந்தார். எதிர்த்து நின்றவர் அயர்லாந்தில் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த ஹோரஸ் பிளங்கெட். அவர் விவசாயிகளுக்குச் செய்த சேவை சிறிதல்ல. ஆனாலும் 1,247-க்கு 473 என்று தோற்றார். 1902-ல் இங்கிலாந்தில் இறங்கிய லிஞ்ச் கைதானார். 1903 ஜனவரியில் தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது; ஓராண்டில் விடுதலையானார். பின்னர் மேற்கு கிளேர் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

லிஞ்சின் இடத்துக்கு வந்தவர் கனடா அரசியல்வாதி சார்ல்ஸ் டெவ்லின். 1906-ல் அவர் கனடா அரசியலுக்கே திரும்பியதும் எழுத்தாளர் ஸ்டீஃபன் க்வின் வென்றார். ஐம்பது வயதைக் கடந்த பிறகும் கன்னாட் ரேஞ்சர்ஸ் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் களமிறங்கியவர் அவர். கால்வேயின் கடைசி உறுப்பினரும் அவரே.

1918 தொகுதி மறுசீரமைப்பில் கால்வே, கில்கென்னி, நியூரி ஆகிய நகரத் தொகுதிகள் நீக்கப்பட்டன. நகரம் கனெமாரா பகுதியோடு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் அங்கே அயர்லாந்து விடுதலையைக் கோரிய ஷின் ஃபெயின் கட்சியின் பாத்ரிக் ஓ மாலியா வென்றார். அவர் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை; டப்ளினில் கூடிய, டாய்ல் எனப்படும் முதல் அயர்லாந்து மக்கள் மன்றத்தின் உறுப்பினரானார். நகரம் இன்று அயர்லாந்து நாடாளுமன்றத்தின் மேற்குக் கால்வே தொகுதியில் இருக்கிறது.